மிச்சம் வைத்த கடைசிப் பாட்டு

போன கிழமை ரிஸ்னா என் வீட்டுக்கு வந்தாள். உங்களுக்கு அவள் தலைமைத் தாதி. அவள் கதவைத் திறந்தாலே நீங்களெல்லாம் வாயை மூடிக்கொள்கிறீர்களாம், கேள்விப்பட்டேன். அங்கே தாதியாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கென்றால், முதல் நாள் முகக்கவசத்தைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு வந்து நின்ற தோப்பூர்ப் பிள்ளைதான் அவள். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "மிஸி, ஒப்பரேஷன் தியேட்டருக்குப் புதுசா வந்திரிக்கிற பிள்ளைகளுக்கு நீங்க ஏதாவது எழுதித் தாங்க" என்றாள்.

"என்னத்தைப் பற்றி?"

"என்னத்தையும் எழுதுங்க. என்னப் பத்தி மட்டும் எழுதாதீங்க."

அப்படிச் சொன்னபடியால் அவளைப் பற்றியும் எழுதப்போகிறேன்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஆயுதங்களை எண்ணுவது எப்படி, எதை எந்தக் கையால் நீட்டுவது என்பதெல்லாம் இங்கே வராது. அதைச் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், புத்தகமும் இருக்கிறது. நான் எழுதப்போவது தியேட்டரில் ஓடும் பாட்டைப் பற்றி. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

வெளியாட்களுக்கு இது புதினமாக இருக்கும். காலை அறுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் பாட்டு எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் எலும்பு டொக்டருக்குப் பாட்டு இல்லாமல் வேலை ஓடாது. பொறுமையான கைக்காரர், பொறுமையில்லாத வாய்க்காரர். வேலை நன்றாகப் போனால் பாட்டோடு சேர்ந்து மெதுவாகச் சீட்டியடிப்பார். சிக்கல் வந்தால் சீட்டி நின்றுவிடும். அவருடைய முகத்தை நாங்கள் பார்க்க முடியாது, முகக்கவசம் மறைத்திருக்கும். அந்தச் சீட்டியை வைத்துத்தான் நான் அறையின் நிலவரத்தைத் தெரிந்துகொள்வேன்.

ஆனால் பாட்டு டொக்டருக்கு மட்டும் இல்லை. எங்களிடம் வரும் எலும்பு முறிவுக்காரரில் பலருக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழேதான் விறைக்கச் செய்கிறோம். அவர்கள் விழித்தபடி கிடக்கிறார்கள். நடுவில் ஒரு பச்சைச் சீலை. அதற்கு அந்தப் பக்கம் காலில் வேலை நடக்கிறது. இந்தப் பக்கம் ஒரு தலையும் இரண்டு காதும் இருக்கின்றன. வலி தெரியாது, சத்தம் முழுவதும் கேட்கும். நான் வேலை பழகிய காலத்து மயக்க மருந்து டொக்டரம்மா ஒருவர் எங்களைப் பேசாத பேச்சில்லை. அவர் சொன்னதில் ஒன்று மட்டும் கடைசி வரை என்னோடு இருந்தது: "கண்ணை மூடச் சொன்னா மூடுவினம். காதை மூட மனுசரால ஏலாது. அந்தக் காதுக்குள்ள என்ன போகுதெண்டு நீங்கதான் பாக்கவேணும்."

முன்பு எங்களிடம் ஒரு கசெட் பெட்டி இருந்தது, பிறகு சீடி வந்தது. அந்தப் பெட்டிகளோடு பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. கையுறை போட்ட கையால் கசெட்டைத் திருப்பிப்போட ஏலாது, நாடா சிக்கினால் பென்சிலைத் தேடி ஓடவேண்டும். ஆகவே ரிஸ்னா ஒரு சின்ன ஸ்பீக்கரையும் தன் போனையும் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்தபோது எனக்குச் சந்தோஷம்தான். ஒரு பட்டனை அமத்தினால் போதும், பிளேலிஸ்ட் தன்பாட்டில் ஓடும். மென்மையான பாட்டு வேண்டுமென்றால் மென்மையான பாட்டாகவே வரும். அடுத்து எது வருவது என்று போனில் உள்ள பாட்டுச் செயலியே யோசித்துக்கொள்ளும். யாருக்கும் தலையிடி இல்லை.

தலையிடி வந்தது இலங்கைத்துறையிலிருந்து வந்த ஒரு மீன்பிடிகாரரால். பாவம், அவரில் பிழையில்லை. தொடை எலும்பு முறிந்து வந்தவர், முதல் நாள் இரவிலிருந்து வெறும் வயிறு. டொக்டர் சுத்தியலை எடுத்து எலும்புக்குள் கம்பியை மெல்லத் தட்டத் தொடங்குகிறார். அந்த நேரம் பார்த்து ரிஸ்னாவின் போனில் பாட்டு நின்று விளம்பரம் ஒன்று வந்தது. கொத்து ரொட்டிக் கடை விளம்பரம். கல்லில் இரண்டு தகடும் மோதுகிற சத்தம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அறை முழுக்க டக்கு டக்கு டக்கு என்று கேட்கிறது.

மனிதர் என் கையை இறுக்கிப் பிடித்தார். "மிஸி, என்ர காலையோ கொத்துறாங்கள்?"

"இல்லை ஐயா, அது கொத்து ரொட்டி."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. சிரிக்கத் தொடங்கியவர் நிற்கவில்லை, வயிறு குலுங்க மேசையும் குலுங்கியது. டொக்டர் சுத்தியலை உயர்த்திப் பிடித்தபடி, "சிரிச்சு முடிஞ்சா சொல்லுங்கோ, நான் காத்திருக்கிறன்" என்றார். ரிஸ்னாவின் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நாளே விளம்பரம் வராதபடி செய்துகொண்டு வந்தாள். அந்த மனிதர் வீட்டுக்குப் போகும்போது அவளைத் தேடி வந்து, ஊருக்கு வந்தால் தானே கொத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விளம்பரத்தை நிறுத்தியதோடு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அது தீரவில்லை என்பதை எங்களுக்குக் காட்டியவர் சலீம் காக்கா.

அண்ணன் என்ற முறைக்குத்தான் நாங்கள் காக்கா என்றோம், ஊர் கிண்ணியா. பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் கூட்டிக்கொண்டுவரும் இழுவைப் படகில் வேலை. கயிறொன்று அறுந்து அடித்ததில் கீழ்க்கால் எலும்பு உடைந்து, தோலையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவருக்கு இழுப்பு நோயும் இருந்தது, நெஞ்சு எப்போதும் விசிலடிக்கும். எங்கள் மயக்க மருந்து டொக்டர் அவருடைய நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இவரை முழுசா உறங்கப்போட்டா திரும்ப எழுப்புறது என்ர கையில இல்லை" என்று சொல்லிவிட்டார். ஆகவே முதுகில்தான் ஊசி. அன்றைக்குக் காயத்தைக் கழுவி, வெளியால் கம்பி பூட்டி எலும்பைப் பிடித்துவைப்பது மட்டும்தான் வேலை. எலும்பை நேராக்கும் பெரிய வேலை பிறகு.

ரிஸ்னா மென்மையான பாட்டுகளைப் போட்டாள். நான் தலைமாட்டில் நின்றேன். நம் தொழிலில் எல்லோருடைய வாயிலும் ஒரு வசனம் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்களும் இதற்குள் பழகியிருப்பீர்கள்: "இந்தா முடிஞ்சுது." ஊசி போட முதல் சொல்வோம், போடும்போது சொல்வோம், பாதி வேலையில் சொல்வோம், தையலுக்கு நூல் கோர்க்கும்போதும் சொல்வோம். அது பொய் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை, பிள்ளைக்குத் தலையைத் தடவுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்போம். சலீம் காக்காவுக்கும் அன்றைக்கு நான் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நல்ல பிள்ளையாகக் கிடந்தார்.

திடீரென்று சீலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழும்பினார். முழங்கை பட்டு ஆயுதத் தட்டு கவிழ்ந்தது. டொக்டர் கையைச் சட்டென்று பின்னுக்கு எடுத்தபடியால் தப்பியது. நானும் ரிஸ்னாவும் தோளைப் பிடித்துக் கிடத்தினோம். அரைகுறையாகப் பூட்டிய கம்பியை அவசரமாக இறுக்கி வேலையை முடிக்கவேண்டியதாயிற்று. வெளியே வந்ததும் டொக்டர் என்னிடம், "அடுத்த முறை எலும்பு திறந்து கிடக்கிற நேரத்தில இந்த மனுசன் இப்பிடி எழும்பினா, அந்தக் காலை என்னால நேராக்க ஏலாது" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார்.

அடுத்த முறை என்று ஒன்று வருமா என்பதே சந்தேகமாகிவிட்டது. வீக்கம் வற்றிய பிறகு, சலீம் காக்கா ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார். கோணலாக ஒட்டினால் ஒட்டட்டும், வீட்டுக்குப் போகிறேன் என்றார். கோணல் காலோடு வீதியில் நடக்கலாம், கடைக்குப் போகலாம். ஆடுகிற படகின் தட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க ஏலாது. மீசை முளைத்த நாளிலிருந்து அவர் நின்ற இடம் அதுதான். டொக்டர் அந்தக் கிழமை முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எலும்பு தன் விருப்பத்துக்கு ஒட்டிக்கொள்ளும்.

நான் வாட்டுக்குப் போய் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். புத்தி சொல்லத்தான் போனேன், உண்மையைச் சொன்னால் ஏசத்தான் போனேன். ஆனால் ஏதோ ஒரு நல்ல நேரம், முதலில் கேள்வியொன்று கேட்டுவிட்டேன்.

"காக்கா, அண்டைக்கு உங்களுக்கு நொந்ததா?"

"இல்ல மிஸி. நோவே இல்ல."

"அப்ப ஏன் எழும்பினீங்கள்?"

"பாட்டு முடியுதே இல்ல மிஸி."

எனக்கு விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார்.

"ஒண்டு முடிய ஒண்டு வருகுது. எல்லாம் ஒரே மாதிரி. எது முதல், எது கடைசி எண்டு இல்ல. நீங்க 'இந்தா முடிஞ்சுது' எண்டு சொல்றீங்க, அதுக்குப் பிறகும் ஒரு பாட்டு வருகுது. திரும்பவும் சொல்றீங்க, திரும்பவும் வருகுது. நான் எவ்வளவு தூரம் வந்திரிக்கன், இன்னும் எவ்வளவு போகணும் எண்டு ஒண்டும் தெரியல்ல. கப்பலக் கட்டி இழுக்கிறது எவ்வளவு கஷ்டமெண்டாலும் கரை கண்ணுக்குத் தெரியும். கரை தெரிஞ்சா நான் தாங்குவன் மிஸி."

அந்தப் பிளேலிஸ்ட் எங்களுக்குப் பிடித்ததே அது முடியாது என்பதற்காகத்தான். அவரை எழுப்பிவிட்டதும் அதுதான்.

"நீங்கள் பாட்டே கேக்கிறதில்லையோ?" என்று கேட்டேன்.

"கேக்காம? கப்பல் வரும் வரைக்கும் நாங்க படகுல காத்துக்கிடக்கிறதுதானே. நான் கேக்கிறது ஒரே ஒரு அல்பம்." ஒரு பழைய படத்தின் பேரைச் சொன்னார். பேரை இங்கே எழுதினால் உங்களில் பாதிப்பேர் சிரிப்பீர்கள், மிச்சப் பேருக்கு அப்படியொரு படம் வந்ததே தெரியாது. படம் ஓடவில்லை, பாட்டும் ஓடவில்லை, சலீம் காக்காவின் படகில் மட்டும் ஓடியது. "முதல் பாட்டுல தொடங்கினா கடைசி வரைக்கும் கேப்பன். நடுவுல கப்பல் வந்தா மட்டும் நிப்பாட்டு. வேலை முடிஞ்சு வந்து, நிப்பாட்டின இடத்துல இருந்து கேப்பன். கடைசிய மிச்சம் வச்சிட்டு வீட்ட போக மாட்டன்."

"பிடிக்காத பாட்டு இல்லையோ அதில?"

"மூண்டாவது எனக்குப் பிடிக்காது. அதையும் கேப்பன். அது வந்தாத்தானே நாலாவது வரும்."

பிறகு அவரே கேட்டார். "மிஸி, அந்த அல்பத்துக்குள்ள என்ட கால முடிச்சுத் தருவீங்களா?"

டொக்டரிடம் போய்க் கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எவ்வளவு நேரம் ஓடும்?" என்றார். ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே என்றேன். "எனக்கு அது காணும்" என்றார். நான் திரும்பிப் போய் சலீம் காக்காவிடம், "ஓம், அதுக்குள்ள முடியும்" என்று வாக்குக் கொடுத்தேன். அவர் சம்மதித்தார்.

அந்த அல்பத்தைத் தேடும் வேலை ரிஸ்னாவின் தலையில் விழுந்தது. செயலியில் இருந்தது, ஆனால் முழுதாக இல்லை. சனம் அதிகம் கேட்ட பாட்டு முதலிலும் மற்றவை கண்டபடியும் கிடந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவள் போட்டுக் காட்ட, சலீம் காக்கா கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டாவது இது இல்ல மகள்" என்பார். அவள் மாற்றுவாள். கடைசியாக வரும் ஒரு சின்னப் புல்லாங்குழல் வாசிப்பு எங்கேயும் அகப்படவில்லை. சொற்கள் இல்லாத ஒன்று, ஆகவே யாரும் ஏற்றிவைக்கவில்லை. "அது இல்லாட்டி என்ன காக்கா, சின்னத் துண்டுதானே" என்று அவள் கெஞ்சினாள். "அது இல்லாட்டி முடியாது" என்றார் அவர். எப்படியோ இரண்டு நாள் துருவி, யாரோ பழைய கசெட்டிலிருந்து பதிந்து போட்டிருந்ததைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. ரிஸ்னா என்னிடம் மெல்லமாக, "மிஸி, நான் இப்ப செஞ்சதும் ஒரு பிளேலிஸ்ட்தானே" என்றாள்.

"ஓம். ஆனா இதுக்கு ஒரு கடைசி இருக்கு" என்றேன். அந்தச் செயலியில், போட்டது முடிந்ததும் அதே மாதிரிப் பாட்டுகளைத் தானாகவே தொடர்ந்து போடும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதை அங்கேயே அவளைக் கொண்டு நிறுத்திவைத்தேன்.

அன்று காலை சலீம் காக்கா மேசையில் கிடந்தார். இறைவன் பேரைச் சொல்லித் தொடங்கும் பிஸ்மியைச் சொன்னார். டொக்டர் கத்தியைக் கேட்டார், ரிஸ்னா முதல் பாட்டைப் போட்டாள். சலீம் காக்காவின் தோள் இளகுவதை நான் கண்ணால் கண்டேன். மூன்றாவது பாட்டு வந்தபோது, "இதுதான் அந்தப் பிடிக்காத பாட்டு" என்று எனக்குச் சொன்னார். எனக்கும் பிடிக்கவில்லை. நாலாவது வந்தது. டொக்டருக்கும் அந்த மெட்டுப் பிடித்துவிட்டது போலிருக்கிறது, சீட்டி கேட்டது. ஐந்து, ஆறு என்று போனது. நான் இந்த முறை "இந்தா முடிஞ்சுது" என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, எத்தனை பாட்டு மிச்சம் என்று அவருக்கே தெரியும்.

பிறகு சீட்டி நின்றுவிட்டது.

நான் சீலைக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். எலும்பின் இரண்டு முனைகளும் பொருந்தவில்லை. உள்ளே போகவேண்டிய கம்பி பாதியில் இறுகிவிட்டது, அதை வெளியே எடுத்து வேறொன்று போடவேண்டும். பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது. இனி மிச்சம் இருப்பது இந்தப் பாட்டும் அந்தக் குழலும்தான்.

ரிஸ்னா என் காதுக்குள் வந்தாள். "மிஸி, நடுவுல இருந்து ரெண்டு பாட்டத் திருப்பிப் போடட்டா?"

"கண்டுபிடிச்சிடுவார்."

"அப்ப அந்தத் தானா ஓடுறதத் திறந்து விடட்டா?"

பிள்ளைகளே, அவள் கெட்டது நினைக்கவில்லை. அந்த மனிதர் எழும்பிவிடக்கூடாது என்ற பதைப்பு அவளுக்கு. மயக்க மருந்து டொக்டர் ஒரு சின்ன ஊசியைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தார். அதைப் போட்டால் காக்கா அரைத்தூக்கமாகக் கிடப்பார், ஆனால் அந்த நெஞ்சு அதைத் தாங்குமா என்று அவருக்கே தெரியாது. அவர் கண்ணில் அது எழுதியிருந்தது. எலும்பு திறந்து கிடக்கிறது. எழும்பினால் கால் போய்விடும். சொல்லாமல் விட்டால் பாட்டு முடிந்ததும் அவரே அறிவார், அந்த நேரம் அவர் கையில் ஒன்றுமே மிச்சம் இருக்காது.

அந்தக் கடைசி எண்ணம்தான் என்னைத் தள்ளியது. சொல்வதென்றால் இப்போதே சொல்லவேண்டும், பாட்டு மிச்சம் இருக்கும்போதே. நான் குனிந்து அவருடைய கையைப் பிடித்தேன்.

"காக்கா, நான் தந்த வாக்குப் பிழைச்சுப் போச்சு. இந்த அல்பத்துக்குள்ள முடியாது. டொக்டர் ஒரு கம்பியை மாத்தவேண்டி வந்திட்டுது."

அவருடைய நாடித்துடிப்பைக் காட்டும் கருவி வேகமாகக் கூவத் தொடங்கியது. அவர் கை என் கைக்குள் இறுகியது. ரிஸ்னா அவருடைய தோளுக்குக் கிட்டே வந்து நின்றாள்.

"இன்னும் எவ்வளவு?" என்றார்.

நான் டொக்டரைக் கேட்டேன். "கொஞ்ச நேரம்" என்று தலை நிமிராமல் சொன்னார்.

"கொஞ்ச நேரம் வேண்டாம் டொக்டர். பாட்டில சொல்லுங்கோ."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டொக்டரோடு அப்படிக் கதைத்தவர்கள் அதற்குமுன் யாரும் இல்லை. அவர் கையை நிறுத்தி, நிமிர்ந்து, என்னையும் பார்த்து, சீலைக்கு மேலால் தெரிந்த சலீம் காக்காவின் நெற்றியையும் பார்த்தார். யோசித்தார். வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் உண்மையாகவே கணக்குப் பார்த்தார்.

"நாலு பாட்டு" என்றார்.

சலீம் காக்கா கண்ணை மூடினார். நான் அவர் தோளைப் பிடிக்கக் கையை எடுத்தேன். அவர் எழும்பவில்லை.

"இது முடிஞ்ச உடனே நிப்பாட்டு மகள்" என்று ரிஸ்னாவுக்குச் சொன்னார். "கடைசிய இப்ப போடாத. அத மிச்சம் வை. நாலையும் நான் மனசுக்குள்ள பாடுறன்."

ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்தது. ரிஸ்னா நிறுத்தினாள். அந்த அறையில் பாட்டில்லாமல் நான் வேலை செய்தது அபூர்வம். ஆயுதம் தட்டில் வைக்கும் சத்தம், டொக்டரின் மூச்சு, அந்தக் கருவியின் கூவல் எல்லாம் வெளிச்சம் போட்ட மாதிரிக் கேட்டன. அவருக்கும் அவ்வளவும் கேட்டிருக்கும். என் உள்ளங்கையில் அவருடைய விரல் தாளம் போடத் தொடங்கியது. முதல் பாட்டு எனக்கே விளங்கியது. பிறகு இரண்டாவது. கருவியின் கூவல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அந்தத் தாளத்துக்குக் கிட்டே வந்துவிட்டது. மூன்றாவதையும் அவர் விடவில்லை, அந்தப் பிடிக்காத பாட்டை முழுதாகப் போட்டார்.

நாலாவது தொடங்கியபோது கண்ணைத் திறந்து, "டொக்டர், நாலாவதுக்கு வந்திட்டன்" என்றார். பிறகு, "மெதுவாத்தான் பாடுறன். நீங்க அவசரப்படாதீங்க" என்றார்.

டொக்டர் சிரித்தார். எத்தனையோ வருஷம் அவரோடு வேலை செய்திருக்கிறேன், வேலைக்கு நடுவில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரத்தில் சீலைக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லியதாகச் சீட்டி கேட்டது. எந்தப் பாட்டு என்று நினைக்கிறீர்கள்? அந்த நாலாவதுதான்.

அந்தக் கால் நேராக ஒட்டியது, சலீம் காக்கா திரும்பவும் இழுவைப் படகில் ஏறினார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இதை முடிக்கப்போவது அங்கே இல்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். உங்கள் போனில் எத்தனை ஆயிரம் பாட்டு இருந்தாலும் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, வீட்டில் மீன் வெட்டும்போது நானும் பிளேலிஸ்ட்தான் கேட்கிறேன். ஆனால் மேசையில் கிடக்கும் ஆளிடம் முதலில் கேளுங்கள், தொடக்கத்திலிருந்து கடைசி வரை உங்களுக்குத் தெரிந்தது எது என்று. சிலர் அல்பம் சொல்வார்கள், சிலர் ஜெபமாலை சொல்வார்கள். திரியாயிலிருந்து வந்த ஒரு அம்மா, கோயிலடியிலிருந்து தன் வீடு வரைக்கும் உள்ள வீட்டு வளவுகளை ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொண்டே கிடந்தார். எதுவானாலும் சரி, அதற்கு ஒரு கடைசி இருந்தால் போதும்.

டொக்டர் கடைசித் தையலைப் போட்டார். கட்டுக் கட்டினோம். ஆயுதங்கள் எல்லாம் எண்ணிச் சரி. வழக்கமாக அந்த நேரம் டொக்டர் கையுறையைக் கழற்றி வாளிக்குள் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். அன்றைக்குக் கழற்றிய கையுறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரிஸ்னா, இப்ப போடு" என்றார்.

குழல் ஒலித்தது. யாரோ பழைய கசெட்டிலிருந்து பிடித்த ஒலி, பின்னால் நாடாவின் இரைச்சல், நடுவில் யாரோ தும்முவது கூடக் கேட்டது. அவ்வளவுதான், ஒரு சின்னத் துண்டு. மயக்க மருந்து டொக்டர், ரிஸ்னா, நான், தள்ளுவண்டியோடு வாசலில் வந்து நின்றவர் உட்பட ஒருவரும் அசையவில்லை. ரிஸ்னா அழுதுகொண்டு நின்றாள், எழுதவேண்டாம் என்று சொன்னது இதைத்தான். எனக்கும் கண் மங்கிப்போயிருந்தது. குழல் நின்றது. அதற்குப் பிறகு ஒரு பாட்டும் வரவில்லை.

சலீம் காக்கா என் கையை இன்னும் விடவில்லை.

"மிஸி, இப்ப சொல்லுங்க" என்றார்.

"என்னத்தைக் காக்கா?"

"நீங்க ஆக்கள் எப்பவும் சொல்றது."

"முடிஞ்சுது, காக்கா" என்றேன்.